மூன்று நட்சத்திரம் தெரியும்வரை

வெள்ளவத்தையில் ஒரு பள்ளிக்கூடத்தில் உலக மதங்கள் படிப்பிக்கிறேன். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கனான நான் ஒரு யூதரையும் நேரில் கண்டதில்லை. வரும் பஸ்ஸில் பாடத்தைப் படித்துவிட்டு, வகுப்பில் பரம்பரையாகத் தெரிந்தவன்போல் அளப்பேன்.

என்னை வேலையில் நிரந்தரமாக்கலாமா என்று பார்த்து அறிக்கை எழுத ஓர் அம்மா வந்து கடைசி வாங்கில் இருந்தார். கஞ்சி போட்ட சேலை, தடித்த கண்ணாடி. நான் வாய் திறக்கும்போதெல்லாம் பேனையை டிக், டிக் என்று அமுக்கினார். ஒவ்வொரு டிக்கும் என் கணக்கில் ஒரு பிழை என்று எண்ணிக்கொண்டேன்.

அன்றைய பாடம் யூதர்களின் ஓய்வுநாள். ஓய்வைப் பற்றிச் சொல்லிக்கொண்டு கரும்பலகைக்கும் சன்னலுக்கும் இடையில் ஓடித் திரிந்தேன்.

"சனிக்கிழமை பொழுதுபட்டு வானத்தில மூண்டு நட்சத்திரம் தெரியும்வரைக்கும் அவை எழுதவும் மாட்டினம். எங்க, எல்லாரும் பேனையை வையுங்கோ பாப்பம்!"

பிள்ளைகள் வைத்தார்கள். அந்த அம்மாவும் பேனையைக் கைப்பைக்குள் போட்டுவிட்டுக் கைகட்டி இருந்தார். டிக் சத்தம் நின்றதும் பயம் இரட்டிப்பானது.

மணி அடித்ததும் பின்னால் ஓடினேன். "மிஸ், ஒண்டும் எழுதேல்லையே?"

"நீங்கள்தானே சேர் எழுதக்கூடாது எண்டனீங்கள்."

"ஐயோ, அது பிள்ளைகளுக்கு மிஸ்!"

"நானும் வகுப்புக்குள்ளதானே இருந்தனான். மூண்டு நட்சத்திரம் தெரியட்டும், எழுதுறன்."

முகத்தில் சிரிப்பே இல்லை. பகிடியா, பாராட்டா, எழுத ஒன்றுமில்லை என்பதா? இன்னும் விளங்கவில்லை, அறிக்கையும் இன்னும் வரவில்லை.

அன்று பின்னேரம் தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக்குப் போய், என் வேலைக்காக வானத்தைப் பார்த்து நின்றேன். எங்கும் மழைமுகில். ஒரேயொரு நட்சத்திரம் தெரிந்தது. அதுவும் மெல்ல நகர்ந்து, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கப் போய்விட்டது.