அட்ஜஸ்ட் சாரும் பால் கொடுக்கும் அறையும்

எங்கள் தையல் கம்பெனி சூப்பர்வைசருக்கு உருப்படியாகத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தை ஒன்றே ஒன்று. அதை வைத்தே, நூல் வெட்டும் வேலையிலிருந்து நாற்காலி வரைக்கும் ஏறிவிட்டான். நாங்கள் வைத்த பெயர் அட்ஜஸ்ட் சார்.

சம்பளம் தள்ளிப்போனால் "அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்பான். வாயை மூடு என்று அர்த்தம். நிறைந்த பெஞ்சில் இன்னொரு ஆளைத் திணிக்கும்போது, நகர்ந்து உட்கார் என்று அர்த்தம். கோணல் தையலை நல்ல துணிக்கு அடியில் சொருகச் சொல்லும்போது, ஏமாற்று என்று அர்த்தம். முதலாளி கழுதை என்று திட்டினால் பல்லை இளித்துக்கொண்டு வந்து, "நாமதான் அட்ஜஸ்ட் பண்ணிப் போவணும்" என்பான். அங்கே முதுகெலும்பு இல்லை என்று அர்த்தம்.

அங்கே நான் இஸ்திரி போடுகிறேன், மகள் தைக்கிறாள். பேரன் பிறந்து வேலைக்குத் திரும்பியவள் பால் கொடுக்கும் அறையைக் கேட்டாள். அது கிடைக்காவிட்டால் வேலையை விடவேண்டியதுதான். அறை இருந்தது. உள்ளே அட்டைப்பெட்டிகள், நடுவில் சார் மத்தியானம் குறட்டை விடும் கட்டில்.

"பாத்ரூம்ல குடும்மா. அட்ஜஸ்ட் பண்ணிக்க."

ராஜா மாதிரி காலை உதைத்துக்கொண்டு படுத்திருக்கும் என் பேரன், கக்கூசில் பால் குடிப்பதாம்!

ஒருநாள், நாங்கள் தைக்கும் துணியை வாங்கும் கம்பெனியிலிருந்து ஓர் அம்மாள் பார்வையிட வரப்போவதாகச் செய்தி வந்தது. என்றும் என்னை "யோவ்" என்று கூப்பிடும் சார் அன்று இஸ்திரி மேஜைக்கே வந்தான்.

"அண்ணே, நாளைக்கு உங்க பேரனக் கொஞ்ச நேரம் கொண்டாங்களேன். ரூம்ல ஒரு கொழந்த இருந்தா நல்லாருக்கும்."

"பொம்ம வாங்கி வச்சா ஆகாதா சார்?"

"பொம்ம அழாதுண்ணே."

மறுநாள் அறை பளபளத்தது. மகள் உள்ளே பேரனோடு உட்கார்ந்திருந்தாள். வந்த அம்மாள் பார்த்து மகிழ்ந்து, வராந்தாவில் டீ குடிக்க நின்றாள். உடனே சார் அறைக்குள் தலையை நீட்டி, "போதும், வெளிய வாம்மா. பெட்டியெல்லாம் உள்ள வைக்கணும்" என்று கிசுகிசுத்தான்.

அவன் முகத்துக்கு நேரே கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது.

"பால் குடிச்சிட்டிருக்கான் சார்!"

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"அவனையே கேளுங்க!"

சத்தம் கேட்டு அந்த அம்மாள் திரும்பினாள். "என்ன பிரச்சனை?"

சார் பல்லை இளித்தான். "ஒண்ணுமில்ல மேடம். தெனமும் இப்டித்தான். இந்த ரூம்ல கூட்டம் தாங்காது."

"அப்படியா? ரொம்ப சந்தோஷம். வாராவாரம் ஒரு போட்டோ அனுப்புங்க."

இப்போது அங்கே நாலு குழந்தைகள். வாரம் தவறாமல் சார் குனிந்து, கிலுகிலுப்பை ஆட்டி, "சிரிடா கண்ணு, சிரிடா" என்று கெஞ்சிப் படம் எடுக்கிறான்.

என் பேரன் சிரிப்பதில்லை. விவரமான பையன்.