கெட்டிமேளத்துக்குக் கீழே

தாலி கட்டுவதை வினாயகமூர்த்தி ஒருநாளும் பார்த்ததில்லை. இருபத்தாறு வருடமாக ஆரையம்பதியைச் சுற்றிய கல்யாண வீடுகளில் தவில் அடிக்கிறவர்தான். ஆனால் அந்த நேரத்தில் அவர் கண் ஐயரின் கையிலேயே இருக்கும். கை உயர்ந்தால் கெட்டிமேளம். ஒரு தும்மல், ஓர் இருமல், யாரோ வாய் தவறிச் சொல்லும் சொல், எதுவும் அந்த நேரத்தில் பெண் மாப்பிள்ளை காதில் விழக்கூடாது. மற்ற வாசிப்பையெல்லாம் வித்தை என்பார். இதைக் காவல் என்பார்.

கொரோனா வந்த இரண்டாம் வருடம், கல்யாணங்களில் மேளம், பாட்டு எதுவும் கூடாதென்று அறிவித்தார்கள். தவிலுக்கு உறை போட்டு அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டு, அரிசி ஆலையில் மூட்டை தூக்கப் போனார். உமித்தூசி நெஞ்சில் இறங்கி இருமல் பிடித்தது. சோதித்துப் பார்த்துக் கொரோனா இல்லையென்று எழுதித் துண்டும் தந்தார்கள். துண்டை யார் பார்க்கிறார்கள்? பஸ்ஸில் ஒருதரம் இருமினால் பக்கத்து சீட் காலியாகிவிடும். வீட்டில் இருமினால் என்னவென்று கேட்க ஆளில்லை. மனைவி அன்னப்பூரணி இறந்துபோய் மூன்று வருடம். அதற்குப் பிறகு அவருக்குச் சோறும் மனிதரும் கல்யாண வீடுகளில்தான் கிடைத்தார்கள்.

ஒரு பின்னேரம் பக்கத்து வளவுத் தங்கராசா வேலிக்கு மேலால் எட்டினார்.

"அண்ணன், எங்கட மகள் விதுர்ஷாட கலியாணம் வெள்ளிக்கிழமை. பதினைஞ்சு பேருக்குத்தான் அனுமதி. அதில நீங்களும் ஒராள்."

"மேளத்துக்கு விடமாட்டாங்களே தம்பி."

"மேளம் போனுக்குள்ள இரிக்கு. முந்தி நீங்க அடிச்ச ஒரு கலியாண வீடியோவில இருந்து வெட்டி எடுத்திரிக்கன். ஸ்பீக்கரில போடுவம். எப்ப அமத்துறதெண்டு உங்களுக்குத்தானே தெரியும்."

"இருபத்தாறு வருசம் அடிச்சுப்போட்டு, கடைசியில சுவிச்சுப் போடுற உத்தியோகமோ?"

சிரித்த சிரிப்பு இருமலாக மாறியது. தங்கராசா இரண்டடி பின்னுக்குப் போனார்.

"அண்ணன், அண்டைக்கு மட்டும் இருமிப்போடாதேங்க. தாலி கட்டக்குள்ள இருமல் கேட்டா மனிசி என்னைக் கொன்னுபோட்டிரும். அவ ஏற்கெனவே மேளமில்லாத கலியாணமெண்டு அழுதுகொண்டிரிக்கா."

"புள்ளைட காதில ஒண்டும் விழாது. நான் இரிக்கன்."

வெள்ளிக்கிழமை விடியவே மல்லித்தண்ணி குடித்து, கன்னத்துக்குள் ஒரு கற்கண்டை அடக்கிக்கொண்டு போனார். முற்றத்தில் கதிரைகளை எட்ட எட்டப் போட்டிருந்தார்கள். வாசல் படலையடியில் நின்ற சுகாதாரப் பரிசோதகர், மாஸ்க்கைக் கழட்டிக் குரவை போட்டால் கல்யாணத்தையே நிப்பாட்டுவேன் என்று பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மணவறைக்குப் போகும் வழியில் விதுர்ஷா நின்றாள்.

"மேள மாமா, நீங்க சும்மா கதிரையில இரிக்கிறதப் பாக்கச் சிரிப்பா இரிக்கு."

"சிரிக்காம போய்க் குந்து புள்ள, நேரம் போகுது."

ஐயரின் கை உயர்ந்தது. கையிலிருந்த தங்கராசாவின் போனில் வினாயகமூர்த்தி அமத்தினார். அதே நொடியில் போன் மணி அடித்தது. கட்டாரில் இருந்து பெண்ணின் அண்ணன் நிலோஜன் வீடியோவில் வந்தான். காய்த்துப்போன விரலால் எதையோ தொட்டார். மணி நின்றது. திரை இருண்டது. மேளம் வரவில்லை. நேரம் தப்புகிறதென்று ஐயர் தலையை அசைக்க, மாப்பிள்ளை தாலியோடு குனிந்தான்.

அப்போதுதான் நெஞ்சுக்குள் இருந்து அது ஏறியது.

மாஸ்க்குக்குள் சால்வை முனையைத் திணித்துக் கடித்தார். கண் பிதுங்கி நீர் ஓடியது. இடது கை தொடையில் சத்தமில்லாமல் தாளம் போட்டது. கூரைத் தகரத்தில் ஒரு காகம் நடந்தது. ஒரு முடிச்சு. வளையல் அசைந்தது. இரண்டாவது. பிறகு விதுர்ஷாவின் குரல், மிக மெல்ல:

"முடி மாட்டுது."

"நோகுதா?" என்றான் மாப்பிள்ளை.

"இல்ல. கட்டுங்க."

மூன்றாவது முடிச்சும் விழுந்தது. தங்கராசாவின் மனைவி மாஸ்க்குக்கு மேலே கண்ணைத் துடைத்தாள். அழுகையா சிரிப்பா தெரியவில்லை. வினாயகமூர்த்தி எழுந்து, வளவுக்குப் பின்னால் வாவிக் கரைக்குப் போய், அடர்ந்த கண்ணா மரப் பற்றைக்குள் நின்று ஆசை தீர இருமினார்.

ஒருவரும் கேட்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். ஆனாலும் கால் திரும்பவில்லை.

அவருடைய கல்யாணத்தில் அன்னப்பூரணியின் உதடும் அசைந்தது. முடிச்சுப் போடும்போது கண்டார். கூட்டாளிகள் நாலு தவில் கொண்டுவந்து வளவே அதிர அடித்துக்கொண்டிருந்தார்கள். என்ன சொன்னாய் என்று பிறகு கேட்டார்.

"அது கேக்கப்படாதெண்டுதானே உங்கட ஆக்கள் அந்த அடி அடிச்சவங்க" என்று சிரித்தாள். இரண்டு மூன்று வருடம் கேட்டுப் பார்த்தார். அதே சிரிப்பு. பிறகு கேட்கவும் மறந்துபோனார்.

போன் இன்னும் கையில் இருந்தது. இப்போது பார்த்து அந்தப் பொத்தான் அகப்பட்டது. மேளம் தண்ணீர் மேல் போனது. தோணியில் வலை இழுத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். சத்தத்தைக் குறைத்துக் காதோடு வைத்தார். அவருடைய அடிதான். யாரோ ஒருத்தியின் தாலிகட்டு. அதற்குக் கீழே அந்தப் பெண் ஏதாவது சொல்லியிருப்பாளோ என்று கண்ணை மூடிக் கேட்டார். ஒரு ஊசி நுழைய இடமில்லாமல் அடித்திருந்தார்.

"அண்ணன்! போனைக் கொண்டாங்க, நிலோஜன் திரும்ப கோல் எடுப்பான்!" முற்றத்தில் இருந்து தங்கராசா கூப்பிட்டார்.

"இந்தா வாறன்" என்றவர், முதலில் இருந்து மறுபடி போட்டார்.