திரும்பிப் பார்க்காதவள்

வெள்ளைக்காரன் காலத்தில், பருத்திப்பட்டிலிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு மேற்கே மலைக்காட்டுக்குக் குடும்பத்தோடு போனோம். அடிவாரத்தில் வண்டியை விட்டுவிட்டு நடந்த எங்களுக்கு வழிகாட்டியவள் ஒரு விறகுக்காரி. கறுத்து மெலிந்த உருவம். சுமை இல்லாதபோதும் தலையில் சும்மாடு இருக்கும். விறகு சுமந்த பழக்கமோ என்னவோ, நடக்கும்போது கழுத்தைத் திருப்பவே மாட்டாள்.

அவள் வளைந்து வளைந்து போனது அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

“நேர் வழி கீதே, இன்னாத்துக்கு சுத்திகினு போறே?”

“அது செங்குத்து சாமி. புள்ளத்தாச்சிக்கு ஆவாது.”

அப்பா அப்படியே நின்றுவிட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

அப்போது வயிற்றில் இருந்த என் தங்கை இன்று பாட்டியாகிவிட்டாள். அப்பாவுக்கே அம்மா சொல்லாத சேதி, முன்னால் நடந்த அவளுக்கு எப்படித் தெரிந்தது? பின்னால் வந்த அம்மாவின் காலடிச் சத்தம் சொல்லியிருக்குமோ?