அவள் நின்றால் வண்டி நிற்கும்

ஊரில் பாதிப் பேர் வாய்விட்டுச் சிரிப்பது அவர் கைவேலையால்தான். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்துப் பல்செட் செய்து தருவது தொழில். பல்செட்டுக்காரர் என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். "ஊருக்கெல்லாம் பல் கட்டுறீங்க, நீங்க மட்டும் பல்லைக் காட்ட மாட்டேங்கிறீங்களே" என்பாள் மனைவி. அதற்கும் சிரிக்க மாட்டார்.

பகலெல்லாம் அடுத்தவர் வாய்க்கு உழைத்த கை, சாயங்காலமானால் சின்ன ரயிலுக்குப் போய்விடும். மாதிரி ரயில் சங்கத்தில் பழைய ஆள் அவர். ஆண்டுக்கொரு முறை மலையடிவார நகரத்தில் மாநாடு நடக்கும். ஒவ்வொருவரும் வீட்டில் செய்த பலகையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒருவர் பலகையில் பாலம், இன்னொருவர் பலகையில் சுரங்கம். ஓரங்கள் எல்லாம் ஒரே அளவு. வரிசையாக வைத்துத் திருகாணியை முடுக்கினால் மண்டபத்தையே சுற்றிவரும் ஒரே பாதையாகிவிடும். யார் ரயிலும் யார் பலகையிலும் ஓடும்.

அவருடைய பலகை ஒரு ஸ்டேஷன். கட்டடமும் தண்டவாளமும் அவர் வேலை. மனிதர்கள் மனைவி வேலை. பாதித் தீக்குச்சி உயரப் பொம்மைகளுக்கு முகம் எழுதி, சட்டை எழுதி, பிளாட்பாரத்தில் ஒட்டினாள். மஞ்சள் குடை பிடித்த பெண்ணை மட்டும் ஒட்டவில்லை.

"இவ விளிம்புல நின்னா வண்டி நிக்கணும். பெஞ்சுப் பக்கம் போயிட்டா நீங்க போயிட்டே இருக்கலாம். என்னைக் கேக்காம ஒரு வண்டியும் போகாது, சொல்லிட்டேன்" என்று முதல் மாநாட்டிலேயே அறிவித்துவிட்டாள்.

விளையாட்டாய்ச் சொன்னது சட்டமாகிவிட்டது. பஸ் ஓட்டுநர் ஒருவர் சங்கத்தில் உண்டு. தொண்டையை வைத்து 'ஹாரன்' என்று பெயர். யாருக்கும் அடங்காத அந்த ஆள்கூட, மஞ்சள் குடை விளிம்பில் நின்றால் வேகத்தைக் குறைப்பார். "என் பஸ்ஸுக்குக் கைகாட்டினா நிறுத்த மாட்டேன். அண்ணி பொம்மைக்கு நிறுத்துறேன் பாருங்க!"

அந்த நகரத்திலிருந்து மலை ரயில் ஒன்று கிளம்பும். நீராவி எஞ்சின், ஏற்றத்தில் வழுக்காமலிருக்க நடுவில் பல் வைத்த தண்டவாளம். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை மேலே வரை வாருங்கள் என்று மனைவி ஆண்டுதோறும் கேட்பாள். ஒயர் கழன்றுவிட்டது, அடுத்த முறை பார்ப்போம் என்பார். ஒரே ஒரு முறை போனார். போயும் முன்வாசலில் தொற்றிக்கொண்டு, குனிந்து தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். "வீட்டுலயும் பல், இங்கயும் பல்லா?" என்று உள்ளிருந்து அவள் குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்த மாதிரிதான் இருந்தது.

மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் நெஞ்சில் இறங்கி அவளைக் கொண்டுபோய்விட்டது.

இந்த முறை மாநாடு வேண்டாம் என்றிருந்தார். ஹாரன் விடவில்லை. "அண்ணே, உங்க ஸ்டேஷன் இல்லாம ரயில் எங்க நிக்கும்? கட்டி வைங்க, வேனோட வர்றேன்."

பலகையைக் கட்டுவதற்கு முன் ஒன்று செய்தார். மேடு பள்ளத்தில் வேன் குலுங்கும். குடைக்காரி விழுந்து தொலைந்துவிட்டால் என்ன செய்வது? போன மாநாடு முடிந்து வந்ததும் மனைவி எடுத்து வைத்த இடத்திலேயே பொம்மை நின்றிருந்தது. நகர்த்த மனமில்லை. உடைந்த பல்செட்டை ஒட்டும் பசையை ஒரு சொட்டு எடுத்து, நின்ற இடத்திலேயே ஒட்டினார். பிடித்தால் விடாத பசை. அவள் விழக்கூடாது என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

நின்ற இடம் விளிம்பு.

மண்டபம் திறந்தது. முதல் ரயில் ஸ்டேஷனுக்கு வந்தது, நின்றது. பின்னால் சரக்கு ரயில் வந்து நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கையில் பிடித்தபடி ஓட்டுபவர்கள் ஒவ்வொருவராக ஸ்டேஷனைப் பார்த்தார்கள். அப்புறம் அவரைப் பார்த்தார்கள். எவருக்கும் தாண்டிப் போக மனம் வரவில்லை. சுரங்கம்வரை வண்டிகள் தேங்கிவிட்டன.

"கரண்ட் போயிடுச்சா?" என்று பார்க்க வந்த கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

ஹாரன் அருகில் வந்து குனிந்தார். "அண்ணே, அண்ணியைக் கொஞ்சம் பெஞ்சுப் பக்கம் நகர்த்துங்க."

விரலை வைத்தார். அசையவில்லை. அப்போதுதான் செய்த காரியம் உறைத்தது.

"ஒட்டிட்டேன்ப்பா."

ஹாரன் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தாழ்ந்த குரலில் பேசினார். "பரவால்லண்ணே. நிக்காம போகச் சொல்லிடறேன்."

"வேண்டாம். அவ நிக்கும்போது யாரும் போகக் கூடாது."

பையிலிருந்து மெழுகு செதுக்கும் கத்தியை எடுத்தார். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மயிரிழை ஓட்டும் கை. ஆனாலும் பசை விடவில்லை. கணுக்காலோடு ஒடிந்தது. குடைக்காரி அவர் உள்ளங்கையில் கிடந்தாள். கறுப்புச் செருப்பு இரண்டும் பிளாட்பாரத்தில் நின்றன. அவளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வண்டிகள் நகர்ந்தன.

மறுநாள் காலை சங்கமே மலை ரயிலுக்குக் கிளம்பியது. எஞ்சின் தண்ணீர் பிடிக்க நின்ற இடத்தில் எல்லோரும் குதித்து இறங்கிச் சக்கரத்தடியில் கூடினார்கள்.

"அண்ணே, வாங்க! பல்லு எல்லாம் பளிச்சுன்னு தெரியுது!"

"நான் உக்காந்தே வரேன்ப்பா."

ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்தார். பனி. தகரக் கூரைகள். சரிவில் துணி உலர்த்தும் ஒருத்தி, ரயிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னவள் இதில் எதைக் காட்டியிருப்பாள்? தெரியவில்லை. கேட்டுக்கொள்ளவில்லையே. ஒன்றும் விட்டுப்போகக் கூடாதென்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே போனார்.

இறங்கி வரும்போது ஹாரன் மெதுவாகச் சொன்னார்: "பல்லே செய்யுற கை. ரெண்டு கால் செய்ய எவ்வளவு நேரமாகும்ண்ணே?"

"செஞ்சிடலாம். அப்புறம் யாரு நகத்துறது?"

சாயங்காலம் அவர் ஓட்டும் முறை வந்தது. தன் ரயிலோடு மண்டபத்தைச் சுற்றி நடந்தார். ஸ்டேஷன் நெருங்கியதும் கட்டைவிரல் பழக்கத்தில் குமிழைத் திருப்ப, வண்டி தளர்ந்தது. விளிம்பில் யாருமில்லை, செருப்பு மட்டும்தான். அவள் போட்ட சட்டப்படி நிறுத்த வேண்டியதில்லை. குமிழை மறுபக்கம் திருப்பினார். ரயில் நிற்காமல் போனது.

பாலம் தாண்டி, சுரங்கம் தாண்டி, மறுபடி ஸ்டேஷன் வந்தது.