புதன்கிழமை ஓடிய வழி

டெரிக் ஆல்டர்சனைப் பற்றிச் சொல்ல வந்தால் முதலில் என் கோபத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்த மனிதரோடு இருபத்தாறு நாள் நான் பேசவில்லை. அதில் பத்து நாள் நியாயம், மீதி என் வீம்பு.

நாற்பது வருடம் பால் வண்டி ஓட்டினவர். எங்கள் பள்ளத்தாக்கில் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுத்து வருவார். வேலை முடிந்ததும் அடியில் முள் வைத்த காலணியை மாட்டிக்கொண்டு மலையேறி ஓடுவார். அவர் மனைவி பெரிலும் ஓடுவாள். ஏற்றத்தில் அவள் முன்னால், இறக்கத்தில் அவர் முன்னால். எங்கள் ஓட்டக் குழுவைத் தொடங்கியதே அந்த இரண்டு பேர்தான். புதன்கிழமை சாயங்காலம் தேவாலயத்து வாசலில் கூடுவோம். தோர்கில் பண்ணையின் முற்றம் வழியாக ஏறி, ஸ்டோர்த் மலையின் தோளைத் தாண்டி, அந்தப் பக்கத்து மதுக்கடையில் போய் இறங்குவோம். ஆறு மைல். மழை பெய்தது, மூடுபனி இறங்கியது என்று யாரும் வீட்டில் உட்கார்ந்தால் மறுவாரம் பெரிலின் வாயில் விழ வேண்டும். நான் பதினைந்து வருடத்துக்கு முன்னால் சேர்ந்தவள். இப்போது குழுவின் செயலாளர். அதாவது யாரும் செய்யாத வேலையையெல்லாம் செய்கிறவள்.

மூன்று வருடத்துக்கு முன் பிப்ரவரியில் பெரில் இறந்துபோனாள். வயிற்றில் கட்டி. பதினோரு வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. சாம்பலை மலையின் தோளில், கல்சுவர் முடிகிற இடத்தில் தூவினோம். காற்று மாறி அடித்துப் பாதி எங்கள் சட்டையில் வந்து விழுந்தது. அவள் இருந்திருந்தால் சிரித்திருப்பாள். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த புதனே டெரிக் வந்துவிட்டார். ஓடினார். அந்த இடம் வந்தபோது நிற்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதன்பிறகு எதைக் கேட்டாலும் ‘சரி’ என்பார். டீ வேண்டுமா, சரி. வேண்டாமா, அதுவும் சரி. மனிதர் ஒருதரம் வாய்விட்டு அழுது தொலைத்தால் தேவலை என்று எனக்கு ஆத்திரமாக வரும். ஒருநாள் மதுக்கடையில் அவராகவே வாயைத் திறந்தார்.

"ஒண்ணுமே தோண மாட்டேங்குது, டெனிஸ். அந்தச் சுவர்கிட்ட போறப்ப மட்டும் காலு வலிக்குது. வலிக்குதுன்னு தெரியுது. அது ஒண்ணுதாம்மா."

அந்த ஒன்றுக்கும் கேடு வந்தது. தோர்கில் பண்ணைக்காரர் இஸ்மே கிழவர் போய்ச் சேர்ந்தார். மகன்கள் பண்ணையை விற்றார்கள். தெற்கேயிருந்து வந்து வாங்கினவர் இலையுதிர் காலத்தில் முற்றத்துக் கதவுக்குப் பூட்டுப் போட்டார். அந்தத் தோளும் அவருடைய மேய்ச்சல் நிலத்துக்குள்தான் இருந்தது. நாங்கள் தார்ச்சாலை வழியாகச் சுற்றி ஓட ஆரம்பித்தோம். டெரிக்கும் வந்தார். கால் வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்.

விடுவேனா நான்? எங்கள் நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. யாரையும் கேட்காமல், ஒளியாமல், மறையாமல் இருபது வருடம் ஜனங்கள் நடந்த வழி பொதுவழி ஆகிவிடும். கேட்டு நடந்தால் ஆகாது. கேட்டு வாங்கினது சலுகை, கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். மரியாதை தெரிந்தவனுக்கு வழி கிடையாது, தெரியாதவனுக்கு உண்டு. சட்டத்தை நானா எழுதினேன்? குழு தொடங்கிய நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் இருபத்திரண்டு வருடம் வந்தது. அதைப் பொதுவழியாக அறிவிக்கச் சொல்லி அரசாங்கத்துக்கு மனுப் போட, என்னையும் சேர்த்துப் பதினெட்டுப் பேரின் சாட்சிப் படிவம் திரட்டினேன். பதினேழு பேர், அனுமதி கேட்டதில்லை என்று எழுதியிருந்தார்கள். டெரிக் மட்டும் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்.

நேராக அவர் வீட்டுக்குப் போனேன். ஏன் எழுதவில்லை என்றேன். "முத நாளு கேட்டோம்" என்றார். அந்த முதல் நாள் இருந்தவர்களில் உயிரோடு இருப்பது அவர் ஒருவர்தான். அவர் சொன்னால் உண்டு, இல்லையென்றால் இல்லை. விசாரணையில் யாராவது கேட்டால் ஞாபகம் இல்லை என்று சொல்லிவிடச் சொன்னேன். ஆமாம், பொய் சொல்லச் சொன்னேன். அவருக்காகத்தானே இத்தனையும்? அவர் வழக்கம்போல் ‘சரி’ என்றார். நானும் நம்பிவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்துத்தான் விசாரணை வந்தது. ஊர் மண்டபத்தில், போன ஏப்ரலில். அரசாங்கத்திலிருந்து ஒரு அதிகாரி அம்மாள் வந்திருந்தார். பதினேழு பேரும் கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்லி முடித்தோம். கடைசியில் டெரிக். புதுப் பண்ணைக்காரரின் வக்கீல் கோப்பைப் புரட்டிக்கொண்டே, யாரிடமாவது அனுமதி கேட்டீர்களா என்று பேச்சுக்குக் கேட்டார்.

டெரிக் மேஜையிலிருந்து நிமிர்ந்தார்.

"நான் கேக்கல. பெரில் கேட்டா."

வக்கீல் புரட்டுவதை நிறுத்தினார். டெரிக் நிறுத்தவில்லை.

"சும்மா ஓடிரலாம்னுதான் நான் சொன்னேன். அடுத்தவங்க முற்றத்துல கதவத் தட்டாம காலு வைக்கிறதான்னு என்னை வஞ்சா. அவளுக்கு முழங்கால் வரைக்கும் சேறு. அப்படியே போயித் தட்டினா. இஸ்மே வந்தாரு. புதங்கிழமை புதங்கிழமை நாங்க கொஞ்சப் பேரு இப்படிப் போலாமான்னு கேட்டா. எத்தன பேரு வேணா போங்க, கதவ மட்டும் சாத்திட்டுப் போங்கன்னாரு. அவளுக்குச் சந்தோஷம் தாங்கல. அன்னைக்கு மேல போற வரைக்கும் பாடிக்கிட்டே ஓடினா."

பிறகு என் பக்கம் திரும்பினார். "அத எப்படிம்மா ஞாபகம் இல்லைன்னு சொல்றது?"

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். வெளியே வந்ததும் அவரைத் தாண்டிப் போய் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்தடுத்த புதன்களில் அவர் ஒரு ஓரமாக ஓடினார், நான் ஒரு ஓரமாக ஓடினேன். அரிச்சந்திரன் வருகிறார் பார் என்று மற்றவர்களிடம் அவர் காதில் விழும்படி சொன்னேன். அவர் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை.

இருபத்தாறாம் நாள் தீர்ப்பு தபாலில் வந்தது. கோரிக்கை தள்ளுபடி. முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. மீதியையும் படித்தேன். படித்துவிட்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்தேன்.

சமையலறையில் உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். தோற்றுவிட்டோம் என்றேன். சரி என்றார். கண்ணாடி எங்கே வைத்தாரோ, தேடவும் இல்லை. பதினாலாவது பத்தியை நானே படித்தேன்.

"‘திருமதி பெரில் ஆல்டர்சன் அந்த வீட்டின் கதவைத் தட்டி அனுமதி கேட்டார் என்பதில் எனக்கு ஐயமில்லை.’"

எங்கள் வழியைப் பறித்ததே அந்த ஒரு வரிதான். டெரிக் வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தார்.

"அவ பேரு போட்டிருக்கா?"

"போட்டிருக்கு, டெரிக்."

"இன்னொரு தடவ படி."

படித்தேன். மறுபடியும் படிக்கச் சொன்னார். மூன்றாவது தடவை பெரில் என்ற இடத்துக்கு வருவதற்குள் அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். மூன்று வருடத்து அழுகை. நாற்காலியே ஆடியது. அப்புறம் அந்த வரியை முழுதாகப் படித்து முடித்தேன்.