நாடு என்று போட்டது என் பிழை

துண்டறிக்கையில் ‘நாடு’ என்ற சொல்லைப் போட்டது நான்தான். வேறு ஒருவரையும் குறை சொல்ல வழியில்லை. நானே எழுதினேன், நானே படம் ஒட்டினேன், பள்ளிக்கூடத்தின் வாட்ஸ்அப் குழுவில் நானே போட்டுவிட்டு எஸ்-பான் ரயில் பிடித்துப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். இறங்கும்போது பார்த்தால், எடுக்காத அழைப்புகள் பதினாறு.

மற்ற நாட்களில் நான் வரலாறு படிக்கிற முதுகலை மாணவி. சனிக்கிழமைகளில் ஹம்பேர்க்கில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். அந்த வருடம் நவராத்திரி முடிவில் வைக்கிற வாணி விழாவை ஒக்டோபர் மூன்றாம் திகதி வைப்பதாக முடிவாயிற்று. ஜேர்மனி முழுக்க விடுமுறை, மண்டபம் சும்மா கிடைக்கும், அவ்வளவுதான் காரணம். ஏன் விடுமுறை என்று கூட்டத்தில் ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. எனக்கோ கேட்டதிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை.

கிழக்கு ஜேர்மனி என்று ஒரு தனிக் குடியரசு இருந்தது. தனிக் கொடி, தனிக் கடவுச்சீட்டு, தனிப் படை. நாற்பது வருடம் இருந்துவிட்டு, 1990இல், இதே ஒக்டோபர் மூன்றில் மேற்கு ஜேர்மனிக்குள் போய்ச் சேர்ந்தது. ‘ஒன்றுபட்டது’ என்று மேடைகளில் சொல்வார்கள். சட்டக் காகிதத்தில் உள்ள சொல் வேறு: பைட்ரிட். சேர்தல். உதைபந்தாட்டக் கழகத்தில் பெயர் கொடுத்துச் சேர்வதற்கும் ஜேர்மன்காரர் பாவிக்கிற அதே சொல். அதற்கு முன் சில மாதங்கள் அங்கே நடந்த வாதத்தை வாசித்தால் சோறு தண்ணி இறங்காது, எனக்காவது இறங்கவில்லை. இரண்டு பகுதியும் சமமாக உட்கார்ந்து புதிய அரசியலமைப்பு ஒன்றை எழுதி மக்களிடம் விடுவோம் என்றார்கள் ஒரு பக்கத்தார். அதற்கெல்லாம் நேரமில்லை, மேற்கின் சட்டத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு உள்ளே போவோம் என்றார்கள் மற்றப் பக்கத்தார். இரண்டாவது வென்றது.

இதைத் தமிழில் பட்டிமன்றமாக வைக்க வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் வந்தது. எங்கள் வயதுக்காரரிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. சாப்பாடு, கோயில், ஏச்சு எல்லாம் தமிழில். கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம் வந்தால் உடனே டொச்சுக்கு, அதாவது ஜேர்மன் மொழிக்கு, தாவிவிடுவோம். என் மாணவர்களும் அப்படித்தான். “உதெல்லாம் தமிழில கதைக்கேலாது ரீச்சர்” என்று ஒருத்தி என்னிடமே சொன்னாள். ஏலும் என்று காட்ட எனக்கு அரை மணித்தியால மேடை தேவைப்பட்டது.

எதிரணிக்கு ஆள் தயாராக இருந்தாள். என் தோழி லைப்சிக்கில் பிறந்து வளர்ந்தவள், இங்கே மருத்துவமனையில் தாதியாக வேலை செய்கிறாள். தொண்ணூறுகளில் வந்த அவள் பெற்றோரை அகதி அலுவலகம் கிழக்குக்குப் பிரித்து அனுப்பியதால், மேற்கில் வளர்ந்த எங்களுக்கெல்லாம் அவள் ‘லைப்சிக்காரி’. கிழக்கு ஜேர்மனி தானாகச் சேர்ந்தது என்று நான் பேசுவது, அதைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று அவள் பேசுவது, பள்ளிக்கூடப் பொறுப்பாளர் அக்கா நடுவர். எல்லாம் சரி. பிறகு நான் துண்டறிக்கை எழுதினேன்.

‘தனியாக இருந்த நாடு பெரிய நாட்டோடு சேர்ந்தது சரியா, பிழையா? வாருங்கள், வாதிடுவோம்!’

கிழக்கு ஜேர்மனி என்ற பெயரை வேண்டுமென்றேதான் விட்டேன். ஆவலைத் தூண்டுகிறேனாம்.

எங்கள் வீடுகளில் நாடு என்றால் ஒன்றுதான், பெற்றோர் போரில் விட்டுவந்தது. ‘நாட்டுக்குப் போறன்’, ‘நாட்டில மழையாம்’, ‘நாட்டுப் புளி’ என்று எங்கே சொன்னாலும் எந்த நாடு என்று ஒருவரும் கேட்பதில்லை. ஜேர்மனி நாடு அல்ல, ஜேர்மனி ‘இஞ்ச’. மூன்றே மூன்று தடவை விடுமுறைக்குப் போய்வந்த நானும் அப்படித்தான் சொல்கிறேன். ஆகவே தனியாக இருந்த நாடு, பெரிய நாடு, சேர்ந்தது சரியா பிழையா என்று வாசித்தவர்கள் எங்கள் தனிநாட்டுச் சண்டையைத்தான் நினைத்திருப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எனக்கு மட்டும் பதினாறாவது அழைப்பு வரை விளங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை இடைவேளையில் பொறுப்பாளர் அக்கா என்னையும் லைப்சிக்காரியையும் மண்டபச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“பிள்ளை, உமக்கு விசரோ? முப்பது வருசமாய் இந்தப் பள்ளிக்கூடத்தை ஒரு பக்கமும் சாயாமல் கொண்டுவாறன். ஒரு பகுதி நான் விலைபோயிட்டன் எண்டுது. மற்றப் பகுதி, ஏன் பழசைக் கிண்டுறியள் எண்டுது.”

“அக்கா, அது கிழக்கு ஜேர்மனி.”

“எனக்குத் தெரியும். சனத்துக்குத் தெரியுமோ?”

“பேரைப் போட்டுத் திருப்பி அனுப்புறன்.”

“இனி நீர் என்னத்தைப் போட்டாலும், முதல் போட்டதை மறைக்கப் போடுறியள் எண்டுதான் சொல்லுவினம். தலைப்பை மாத்துவம். கூட்டுக் குடும்பமோ, தனிக் குடும்பமோ. ஒருதருக்கும் நோகாது.”

லைப்சிக்காரி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. “அக்கா, அதுவும் இதுதானே. தனியாய் இருந்த மருமகள் பெரிய வீட்டோட சேர்ந்தது.”

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. ஆனால் கோபமும் கொஞ்சம் இறங்கியது. தன் கைப்பேசியிலிருந்து ஏழு பேரின் பெயரை ஒரு தாளில் எழுதினார். கூடுதலாகச் சத்தம் போட்டவர்கள் இந்த ஏழு பேர். நானே ஒவ்வொருவரிடமும் பேசி விளங்கப்படுத்த வேண்டும். ஏழு பேரும் சரியென்றால் என் தலைப்பு. ஒருவர் மாட்டேன் என்றாலும் கூட்டுக் குடும்பம்.

“எப்ப வரைக்கும் அக்கா?”

“வாற வெள்ளி.”

அன்று பின்னேரமே தொடங்கினேன். முதலாமவர் என்னை மருத்துவக் காப்புறுதி ஆள் என்று நினைத்துத் தன் முழங்கால் பற்றிப் பத்து நிமிடம் சொன்னார். விஷயத்தைச் சொன்னதும், “அட, அதுவோ, வையுங்கோ வையுங்கோ” என்றார். இரண்டாவது, ஓர் அக்கா. “கிழக்கு ஜேர்மனியோ? அதை முதலே போடுறதுக்கென்ன? என்ர மனுசன் ரெண்டு நாளாய் என்னோட கதைக்கேல்ல, நான் அந்தக் குழுவில இருக்கிறன் எண்டு!” மூன்றாமவர் நான் யாருடைய ஆள் என்று கேட்டார். இன்னாருடைய மகள் என்றேன். அதை அவர் கேட்கவில்லையாம், எந்தப் பக்கத்து ஆள் என்று கேட்டாராம். “பல்கலைக்கழகத்துப் பக்கம் அண்ணை” என்றேன். பிறகு, “வாறன், ஆனா கடைசி வரிசையிலதான் இருப்பன்” என்றார். நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆட்களிடம் பேசும்போது நான் நன்றாகத் தேறிவிட்டேன். இரண்டு நிமிடத்தில் முழு வரலாற்றையும் சொல்லி, “சனமே வாக்களிச்சுத்தான் சேர்ந்தது” என்று முடிப்பேன். முதல் ஆளிலிருந்தே எல்லோருக்கும் அந்த வரி பிடித்தது. எனக்கும்தான்.

ஏழாமவர் தொலைபேசியை எடுக்கவே இல்லை. தலைமை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவர். வியாழக்கிழமை நேரிலே போனேன். பெட்டி உடைத்து முருங்கைக்காய் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் தொடங்க முதலே, “அந்த நோட்டீஸ் பிள்ளையோ?” என்றார்.

“ஓம் அண்ணை. அது கிழக்கு ஜேர்மனியைப் பற்றி...”

“கிழக்கு ஜேர்மனிக்குள்ளாலதான் நான் வந்தனான். கிழக்கு பேர்லினில விமானத்தால இறங்கி, ரயில் ஏறி, மேற்கு பேர்லினில இறங்கினன். எங்களை ஏன் உள்ளுக்கு விட்டவங்கள் தெரியுமோ? அகதியளை அங்கால தள்ளி மேற்கைக் கரைச்சல்படுத்த.” முருங்கைக்காயை நிமிர்த்தினார். “அந்த நாடு போனதில எனக்குக் கவலையில்லை. நீர் எந்தக் கட்சி?”

“தானாய்ச் சேர்ந்தது எண்ட கட்சி. சனமே வாக்களிச்சு...”

“என்னெண்டு கேட்டு?”

“விளங்கேல்ல அண்ணை.”

“வாக்குச் சீட்டில என்ன கேள்வி இருந்தது? சேர்றதோ வேண்டாமோ எண்டு இருந்ததோ, இல்லாட்டி எந்தக் கட்சி வேணும் எண்டு இருந்ததோ?”

அது தேர்தல். முதலாவது சுதந்திரமான தேர்தல், மார்ச் மாதத்தில். சீக்கிரம் சேர்வோம் என்ற கட்சிகள் வென்றன, அந்தப் பாராளுமன்றம் ஓகஸ்டில் சேர்வதாகத் தீர்மானித்தது. சேர்வதா என்ற கேள்வியை மக்களிடம் நேரடியாக ஒருவரும் வைக்கவில்லை. எனக்கு இது தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். தெரிந்துகொண்டே ஆறு பேரிடம் வழுக்கிக்கொண்டு போயிருக்கிறேன், ஏனென்றால் அந்த வரி நன்றாக விழுந்தது.

“கட்சி வேணும் எண்டுதான் இருந்தது” என்றேன்.

“அப்ப தோப்பீர்” என்றார் சந்தோசமாக. “நான் வந்து பாக்கிறன்.”

அது சரி என்ற பதில்தானா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் கடையை விட்டு வெளியே வந்தேன். நடைபாதையில் நின்றபடியே லைப்சிக்காரிக்கு அடித்தேன்.

“சனத்திட்ட நேராய்க் கேக்கேல்ல எண்டு உனக்குத் தெரியுமோ?”

“தெரியும்.”

“ஏனடி எனக்குச் சொல்லேல்ல?”

“மேடையில உன்னை விழுத்தத்தானே வைச்சிருக்கிறன். லூசே, இப்ப கேட்டுக் கெடுத்துப்போட்டாய்.”

அந்த ஆறு பேரையும் மறுபடி கூப்பிட்டேன். நான் சொன்னதில் ஒரு வரி பிழை என்று சொன்னேன். முழங்கால்காரர் மட்டும், “அதுக்கு ஏன் பிள்ளை அழுகிறீர்” என்றார். நான் அழவில்லை, தடிமனில் மூக்கடைப்பு. மற்றவர்கள் ஒருமாதிரி ஏற்றுக்கொண்டார்கள். கடைசி வரிசை அண்ணை, இனி முன்வரிசைக்கு வாறன் என்றார். வெள்ளிக்கிழமை அக்காவிடம் ஏழு சரிகளையும் கொடுத்தேன்.

மேடையில் என் முதல் வசனமே அந்த ஒப்புதல்தான். அவள் சொல்லும் வரை காத்திருக்க எனக்கு விருப்பமில்லை. “கிழக்கு ஜேர்மன் மக்களிடம் நேரடியாக...” என்று தொடங்கி, அங்கேயே நின்றுவிட்டேன். டொச் சொல் நாக்கு நுனியில் நிற்கிறது, தமிழ்ச் சொல் வரவில்லை. நான் செத்தேன் என்று நினைக்கும்போது நடு வரிசையிலிருந்து ஒரு குரல், “சர்வசன வாக்கெடுப்பு!” உடனே இன்னொன்று, “இல்லை, பொதுசன வாக்கெடுப்பு!” “எங்கட காலத்தில சர்வசனம் எண்டுதான்!” “உங்கட காலத்தில எப்ப வைச்சவை?” மண்டபம் சிரித்தது. எனக்கு இரண்டு சொற்கள் கிடைத்தன, மாறி மாறிப் பாவித்தேன்.

நேரடியாகக் கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டு, அதற்கு மேல் என் வாதத்தைக் கட்டினேன். தெருவில் இறங்கியது அவர்களேதான். எந்தக் கட்சி வந்தால் எந்தப் பாதை என்று நன்றாகத் தெரிந்துதான் புள்ளடி போட்டார்கள். தங்கள் நாட்டின் முடிவையே இப்போது தீர்மானித்துவிட்டோம் என்று ஓர் உறுப்பினர் பாராளுமன்றத்தில் எழுந்து துக்கத்தோடு சொன்னபோது, மற்ற ஆசனங்களிலிருந்து பலத்த கைதட்டல் வந்ததே, அது விருப்பமில்லாமலா? அவர்களை ஒரு பொட்டலம் போலத் தூக்கிச் சேர்த்தார்கள் என்றால், அவர்களுக்கு வாயே இல்லை என்று நாங்களே சொன்னதாகிறது.

லைப்சிக்காரி எழுந்தாள். அவளுடைய நல்ல ஆயுதத்தை நான் முதலே எடுத்துவிட்டேன். கையில் வைத்திருந்த தாளை மடித்தாள்.

“லைப்சிக்கில எங்கட மாடிக்குக் கீழ்வீட்டில ஒரு அம்மா இருக்கிறா” என்றாள். “தொழிற்சாலையில வேலை செய்தவ. நாடு சேர்ந்து கொஞ்ச நாளில தொழிற்சாலை பூட்டியாச்சு. சேருவம் எண்ட கட்சிக்கு அவவும்தான் வாக்குப் போட்டவ. என்னட்டச் சொன்னா, நான் கதவைத் திற எண்டுதான் கேட்டனான், என்ர வீட்டைக் கழட்டு எண்டு கேக்கேல்ல எண்டு. சேர்றது எண்டால் ரெண்டு பேரும் கொஞ்சம் மாறோணும். ஒரு ஆள் மட்டும் மாறினால் அதுக்குப் பேர் சேர்றதில்லை. அவையளிட்ட ஒருதரும் ஒழுங்காய்க் கேக்கேல்ல.”

அந்தக் கணத்தில் அங்கிருந்த ஒருவரும் ஜேர்மனியை நினைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். தொலைபேசியில் சத்தம் போட்டவர்கள் பயந்தது முழுக்கப் பிழையும் இல்லை. ஆனால் ஒருவரும் எழுந்து போகவில்லை.

அக்கா தீர்ப்புச் சொல்ல ஒலிவாங்கியை எடுத்தார். கடைக்கார அண்ணை எழுந்து நின்றார். “தங்கச்சி, கோவியாதேங்கோ. கேக்காமல் தீர்ப்புச் சொன்னது எண்டுதானே இவ்வளவு நேரமும் சண்டை. எங்களைக் கேளுங்கோ.”

கைதட்டு, விசில். அக்கா வேறு வழியில்லாமல், “சரி, தானாய்ச் சேர்ந்தது எண்டிறவை கையை உயர்த்துங்கோ” என்றார். பிறகு மற்றப் பக்கம். நான் தோற்றேன் என்று கண்ணாலேயே தெரிந்தது.

“எண்ணுங்கோ அக்கா” என்றேன்.

“ஏன் பிள்ளை, தெரியுதுதானே.”

“எண்ணுங்கோ.”

எண்ணினார்கள். நாற்பத்தொன்றுக்கு ஐம்பத்தெட்டு. என் மாணவி, தமிழில் கதைக்கேலாது என்றவள், எனக்கு எதிராகக் கை உயர்த்தியிருந்தாள். ஏன் என்று மேடையிலிருந்தே கேட்டேன். அவள் எழுந்து தமிழில் காரணம் சொல்லத் தொடங்கினாள். இடையில் ஒருவர் குறுக்கிட்டார், அவருக்கு இன்னொருவர் பதில் சொன்னார், கையை மாற்றப் போவதாக ஓர் அக்கா அறிவித்தார், மாற்றேலாது என்று அவருடைய கணவர் சொன்னார்.

மேடை ஓரத்தில் நடனப் பிள்ளைகள் சலங்கை கட்டிக்கொண்டு நின்றார்கள். “பிள்ளையளுக்கு வேர்க்குது, முகப்பூச்சு வழியுது, முடியுங்கோ!” என்று அக்கா ஒலிவாங்கியை நிற்பாட்டினார். திரையை இழுத்தார்கள். நான் படியால் இறங்கி, ஒரு கதிரையைத் தூக்கி அந்தச் சண்டை நடக்கிற வரிசைக்கு முன்னால் போட்டேன். லைப்சிக்காரி இன்னொன்றோடு வந்தாள்.

“ம், நீங்கள் சொல்லுங்கோ” என்றேன், என்னைத் தோற்கடித்தவர்களைப் பார்த்து.