சாத்திய கதவுக்கு முன்னால் டாக்டர் செலின்

கனகம்மாசத்திரத்தில் பஸ் நின்றிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் வசந்தா போனில், "அக்கா, டாக்டரம்மா நம்மள உட்டுட்டுப் பூட்டாங்க," என்றாள். பஸ் திருத்தணிக்குக் கிளம்பியது.

டாக்டர் செலினைத் திருத்தணியில் யாருக்கும் நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மலைக்குப் போகும் சாலையில் அவர் நடத்திய சின்ன மருத்துவமனையில் நர்ஸாக இருந்தே தலை நரைத்தவள் நான். காலைப் பூசை முடிந்ததும் டாக்டர் மாதா கோயிலிலிருந்து நேராக வந்துவிடுவார். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருபவர்களின் கொப்புளித்த பாதங்களைத் தரையில் உட்கார்ந்து கழுவிக் கட்டுப் போடுவார். ஒருமுறை ஒரு பெரியவர் கூச்சத்தோடு காலை இழுத்துக்கொண்டார்.

"நீங்க சர்ச்சுக்குப் போறவங்க. எங்க கால தொடலாமா?"

"எங்க சர்ச்சுல சொல்லிக்கொடுத்ததே இதுதாங்க," என்றார் டாக்டர்.

அம்மையார்குப்பத்து முனிரத்தினம் விசைத்தறி ஓட்டியவர். காசநோய். இருமல் குறைந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டார். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயம். டாக்டர் வீடு தேடிப் போய் மறுபடி ஆரம்பித்து வைத்தார். ஆனால் நோய் முற்றியிருந்தது. அவர் இறந்த பிறகு மனைவி கோமளா மருத்துவமனைக்கு வந்து, எல்லோர் முன்னாலும், "உன் மாத்திரதான் எங்க ஊட்டுக்காரர கொன்னுச்சு," என்றார். பேச்சுக்கு நடுவே கோமளா இருமியதை மட்டும் டாக்டர் கவனித்தார்.

அன்று மதியம் டாக்டரைத் தேடிக்கொண்டு மாதா கோயிலுக்குப் போனேன். கடைசி பெஞ்சில் இருந்தார்.

"ஜெபம் பண்றீங்களாம்மா?"

"இல்ல. வார்த்த வரல. சும்மா உக்காந்திருக்கேன்." பீடத்துச் சிலுவையைப் பார்த்தார். "அவரும் சும்மாதான் இருக்கார்."

அடுத்த வாரம் இருவரும் அம்மையார்குப்பம் போனோம். எங்களைக் கண்டதும் கோமளா கதவைச் சாத்திக்கொண்டார். மறுமுறையும் அப்படியே. வெயிலில் திரும்பி நடக்கும்போது எனக்கு ஆத்திரமாக வந்தது.

"அவங்களே வேணான்றாங்க. நமக்கு இன்னாம்மா?"

"எனக்கும் போதும்னுதான் இருக்கு. ஆனா அவ இருமறாளே."

திரும்பத் திரும்பப் போனோம். ஒருநாள் கதவு திறந்தது. சளியைப் பரிசோதித்ததில் கோமளாவுக்கும் நோய் இருந்தது. மாத்திரைகளை முழுக்கச் சாப்பிட்டுப் பிழைத்துக்கொண்டார்.

டாக்டரின் அடக்கத்துக்குக் கோமளா வந்திருந்தார். "அம்மாம் பேச்சு பேசினேன். ஒரு வார்த்த திருப்பிச் சொல்லலியே," என்றபடி, மண் மூடி முடியும்வரை நின்றார்.

டாக்டரின் விசுவாசம் எனக்கு வராது. நான் மலைமேல் இருக்கும் முருகனைக் கும்பிடுகிறவள். போதும் என்று தோன்றும் நாளிலும் புறப்பட்டுப் போகிற அவருடைய பழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். திருவாலங்காட்டில் ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். இன்று போனேன், வீட்டில் இல்லை என்றார்கள். நாளை மறுபடி போக வேண்டும்.